ஆட்டின் இமையும் புழுமருந்தும்

மந்தையிற் சில ஆடுகள் புழுநோயால் மெலிந்தால், எல்லா ஆடுகளுக்கும் மருந்தூட்டுதலே அறிவுடைமை என்று நாம் கருதுவோம். அது பிழையென்பதைத் தென்னாப்பிரிக்க ஆட்டுப்பண்ணையாளர் பெருநட்டமுற்றே கற்றனர்.

ஆட்டின் இரைப்பை நான்கு அறைகளையுடையது. அவற்றுள் நான்காவதில் தங்கி உதிரம் உறிஞ்சுவது ஹீமாங்கஸ் என்னும் புழு. உதிரம் நிறைந்த குடலைச் சுற்றி வெண்ணிறக் கருப்பை முறுகிக் கிடத்தலின், பெண்புழு செந்நூலும் வெண்ணூலும் சேர்த்துத் திரித்தாற்போலத் தோன்றும். ஒரு புழு நாளொன்றுக்கு 0.05 மில்லிலிட்டர் உதிரங் குடிக்குமெனின், ஆயிரம் புழுக்களையுடைய ஆடு இழப்பது 50 மில்லிலிட்டர்! பெண்புழு நாடோறும் 5000க்கு மேலும் முட்டையிடவல்லது. அவை சாணத்தோடு வீழ்ந்து, வெப்பமும் ஈரமும் வாய்த்தவிடத்துப் பொரிக்கும். இளம்புழுக்கள் நனைந்த புல்லிலேறி மேயும் ஆட்டின் வயிற்றை மீண்டும் அடையும்.

நிற்க. 1961இல் தயாபெண்டசோல் என்னும் மருந்து வெளிவந்தது. 1964இலேயே அதற்கு மடியாத புழுக்கள் அமெரிக்காவிற் காணப்பட்டன. 1981இல் ஐவர்மெக்டின் வந்தது. அப்பத்தாண்டு முடியுமுன்னரே தென்னாப்பிரிக்காவில் அதுவும் சில மந்தைகளிற் பயனற்றுப்போயிற்று. மருந்துக்குத் தப்பிய சில புழுக்களின் சந்ததியே பெருகியமைதான் காரணம். எல்லா ஆடுகளுக்கும் மருந்தூட்டி உடனே புதிய மேய்ச்சல்நிலத்துக்கு ஓட்டுவது முன்னர் மிகப் போற்றப்பட்ட முறை. அங்ஙனம் செய்யின், புதுநிலத்தில் விழும் முட்டைகள் யாவும் தப்பிய புழுக்களுடையவையே யாகும். நன்மையென்று செய்ததே கேட்டை விரைவித்தது!

ஆதலின் மருந்து படாத புழுக்கள் சில என்றும் எஞ்சியிருத்தல் வேண்டும். அவை தப்பிய புழுக்களோடு கலந்தால், மருந்துக்கு மடியும் இயல்பு மந்தையில் நீடிக்கும். புழுக்களிற் பெரும்பகுதி ஒருசில ஆடுகளிலேயே குடிகொள்வது நமக்கு நல்வாய்ப்பு. அவ்வாடுகளைக் கண்டறியவே தென்னாப்பிரிக்கர் ஃபமாச்சா என்னும் முறையை வகுத்தனர். ஃபாஃபா மாலன் என்பாரின் பெயரினின்று வந்தது அப்பெயர். கீழிமையைத் தாழ்த்தி, உட்புறத்தின் நிறத்தை ஐந்து நிறங்கொண்ட அட்டையோடு ஒப்பிடுவர். செக்கச்சிவந்திருப்பது முதலெண், வெளுத்திருப்பது ஐந்தாமெண். நான்கும் ஐந்தும் மருந்து பெறும். மூன்றாமெண் ஐயத்துக்குரியது, குட்டிகளும் சினையாடுகளும் ஆயின் மருந்தூட்டுதலே நன்று. உதிரம் உறிஞ்சாத பிற புழுக்களை இமை காட்டாதென்பதையும் மறத்தலாகாது.

மழைக்காலத்தில் வாரந்தோறும் இமை பார்த்தல் சிரமமே. ஆயினும் அடிக்கடி வெளுக்கும் ஆடு எதுவென்று அதனாலேயே தெரியும். அவ்வியல்பு குட்டிகளுக்கும் இறங்குவதாதலின், அதனை இனப்பெருக்கத்தினின்று விலக்கிவிடுவர்.