படபடப்பு நின்ற பிறகும் ஈ.சி.ஜி. எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. துடிப்பு தாறுமாறாக இருந்ததால் அமியோடரோன் 200 மி.கி. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இப்போது படபடப்பே இல்லை. ஆனாலும் ஈ.சி.ஜி., தைராய்டு பரிசோதனை என்று எடுக்கச் சொல்கிறார்கள். இதெல்லாம் தேவையா? மாத்திரையை நிறுத்திவிடலாமா டாக்டர்?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். பரிசோதனைகளையும் தவறவிடாதீர்கள்.

இதயத்தின் வலது மேலறையில், சைனஸ் கணுவில் பிறக்கும் மின்தூண்டல் மேலறைகளில் பரவி, ஏ.வி. கணுவில் சற்றுத் தாமதித்து, கீழறைகளுக்கு இறங்குகிறது. செல் சவ்வின் நுண்ணிய வாயில்கள் வழியே சோடியமும் கால்சியமும் உள்ளே வருவதும் பொட்டாசியம் வெளியேறுவதும்தான் இதற்கு அடிப்படை. மருந்துகள் கைவைப்பது அந்த வாயில்களில்தான். ஃபிளெக்கனைடு சோடியத்தைத் தடுத்து மின்தூண்டல் பரவும் வேகத்தைக் குறைக்கும். வெரபமில் கால்சியத்தைத் தடுத்து ஏ.வி. கணுவின் தாமதத்தைக் கூட்டும். அமியோடரோன் முக்கியமாகப் பொட்டாசியத்தைத் தடுக்கும்; ஒரு துடிப்புக்குப் பின் செல் மீள்வதற்கு அதிக நேரம் பிடிக்கும். அதற்குள் வரும் தாறுமாறான தூண்டல்கள் பரவ முடியாமல் அடங்கிவிடும்.

அந்த மீளும் நேரம் அளவுக்கு மீறி நீண்டாலோ புதிய, ஆபத்தான துடிப்புக் கோளாறே உண்டாகலாம். ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளியை டாக்டர் அளந்து பார்ப்பது இதற்காகத்தான். துடிப்பு சீரானதை மட்டும் வைத்து ஒரு மருந்தை நம்பிவிட முடியாது. மாரடைப்பு வந்தவர்களிடம் நடந்த ‘காஸ்ட்’ ஆய்வில், ஃபிளெக்கனைடும் என்கனைடும் தப்புத் துடிப்புகளை அடக்கின. ஆனால் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இம்மருந்துகளைச் சாப்பிட்டவர்களே அதிகம் இறந்தார்கள் என்பது 1989இல் தெரியவந்தது.

அடுத்தது தைராய்டு. 200 மி.கி. அமியோடரோனில் சுமார் 75 மி.கி. அயோடின் இருக்கிறது. உடலின் அன்றாடத் தேவையோ 0.15 மி.கி.தான். இதனால் தைராய்டு சுரப்பு குறையலாம், கூடவும் செய்யலாம். கூடினால் படபடப்பு திரும்பும். கல்லீரலையும் நுரையீரலையும்கூடக் கவனிக்க வேண்டும்.

இந்த மருந்து கொழுப்பில் தங்கி, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெதுவாகவே வெளியேறும். அதனால் நிறுத்தியதும் சில நாள் ஒன்றும் தெரியாது. பின்னர் பழைய கோளாறு தலைதூக்கலாம்.

வேறு எதற்காவது மருத்துவரிடம் போனாலும் இந்த மாத்திரையைச் சொல்லிவிடுங்கள். சில ஆன்டிபயாடிக்குகள் க்யூ.டி.யை மேலும் நீட்டும். வார்ஃபரின் சாப்பிட்டால் ரத்தக் கசிவு அபாயம் கூடும். மயக்கம் வந்தால் உடனே அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள். மூச்சுத்திணறலோ விடாத வறட்டு இருமலோ இருந்தால், அடுத்த செக்கப் வரை தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.