வோல்ட் கூடினால் என்ன கிடைக்கும்?

கேள்வி: மலேசியாவிலிருந்து வரும் மச்சான் இ-சிகரெட் வாங்கி வருகிறேன் என்கிறார். சாதா மாடலா, வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் மாடலா, எது நல்லது?
– ஸ்ரீரங்கம் வாசகர்

பதில்: வித்தியாசம் சூட்டில்தான். சாதா மாடலில் பேட்டரி தருவதுதான் வோல்டேஜ். முழு சார்ஜில் 4.2 இருக்கும், இறங்க இறங்க ஆவியும் மெலியும். மற்றதில் உள்ளே இருக்கும் சர்க்யூட், நாம் வைத்த அளவிலேயே நிறுத்தும். 2 ஓம் காயிலுக்கு 3.7 வோல்ட் கொடுத்தால் சுமார் 7 வாட்; 4.8 கொடுத்தால் 11.5 வாட். ஆவி கூடும், திரவம் கருகவும் செய்யும். 2015-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான சோதனையில், 3.3 வோல்ட்டில் அகப்படாத ஃபார்மால்டிஹைட் சேர்மங்கள் 5 வோல்ட்டில் சிக்கின. நிகோடின் திரவம் ஊற்றினால் அடிமைத்தனம் இரண்டிலும் ஒன்றுதான்.

அதைவிட முக்கியம், சட்டம். தமிழ்நாடு 2018-லும் மத்திய அரசு 2019-லும் இ-சிகரெட்டைத் தடை செய்துவிட்டன. இறக்குமதி செய்தால் முதல் முறையே ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். திருச்சி ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ்காரரிடம் பதில் சொல்லப்போவது மச்சான்தான்.

உறையூர் சுருட்டுக்குக் கடல் கடந்தும் பேர் இருந்த ஊர் நம்முடையது. அதற்காக அதையும் சிபாரிசு செய்ய மாட்டேன். புகையை விட நினைத்தால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். மச்சானிடம் வழக்கம்போல் கோடாலித் தைலமே வாங்கி வரச் சொல்லுங்கள்.