பேரமும் ஒரு பாடமே!

எங்கள் வீட்டில் பேரம் பரம்பரைச் சொத்து. பாட்டி அம்மாவுக்குக் கற்றுத் தந்தார். அம்மா எனக்கும் தங்கைக்கும் தந்தார். நமக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

1. வகுத்துப் பார்: 75 கிராம் சோப்பு 30 ரூபாய், 125 கிராம் 45 ரூபாய் என்றால், கிராமுக்கு முறையே 40 பைசா, 36 பைசா. இங்கே பெரியது லாபம். "எப்பவும் பெரிசுதான் மலிவுன்னு நம்பிடாதே, கணக்குப் போடு" என்பார் அம்மா.

2. தள்ளுபடியில் ஏமாறாதே: ஆடித் தள்ளுபடி '50% + 20%' என்றால் 70% அல்ல. 100 ரூபாய் முதலில் 50 ஆகும். அந்த 50-ல் 20% போக 40. ஆக, தள்ளுபடி 60%தான்.

3. கூச்சப்படாதே: எம்.ஆர்.பி. என்பது வரிகள் உட்பட அதிகபட்ச விலை. அதற்குக் குறைத்துக் கேட்கலாம், தப்பே இல்லை.

பேரம் கூடாத இடமும் உண்டு. கீரைக்காரம்மாவிடம் எங்கள் வீட்டில் யாரும் விலை குறைத்துக் கேட்பதில்லை. வெயிலில் கூடை சுமப்பவர் அவர். அடுத்தது, ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாத மலிவு ஒயர். செம்புக் கம்பி மெலிந்தால் மின்தடை கூடும். லோடு ஏறினால் சூடாகும். இன்சுலேஷன் உருகித் தீப்பிடிக்கும். அங்கே மிச்சப்படுத்தும் நூறு ரூபாய்க்கு வீட்டையே விலை கொடுக்க நேரலாம்.

மலிவு வேறு, மட்டம் வேறு. டூல்ஸ் வாங்கப் போகும்போது இதை மறந்துடாதீங்க!