மாநாட்டு நகரம்

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பது பொருள். புதியராய் வந்தவரையே முன்னோர் விருந்து என்றனர். வீடு தேடி வரும் ஒருவரை ஓம்புதற்கு ஓர் இல்லம் போதும். ஆனால், ஐயாயிரம் பேர் ஒரே நாளில் ஓர் ஊருக்கு வந்து, நான்கு நாள் தங்கி, கூடிப் பேசிக் கலைவதாயின், அவர்களை ஓம்புவது எந்த ஓர் இல்லத்தாலும் இயலாது. எத்துணைப் பெரிய விடுதியாலும் இயலாது. ஊரே விருந்தோம்ப வேண்டும். அங்ஙனம் ஒரு நகரம் முன்பின் அறியாதாரைக் கூட்டமாக அழைத்து உபசரித்து, அவ்வுபசாரத்தையே ஒரு தொழிலாகவும் வளர்த்த வரலாறு அமெரிக்க நாட்டில், டெட்ராயிட் என்னும் நகரில் தொடங்குகிறது.

டெட்ராயிட் என்பது பிரெஞ்சு மொழிச் சொல். நீரிணை என்று பொருள்படும். ஈரி என்னும் பேரேரியை நோக்கிச் செல்லும் அகன்ற ஆற்றின் கரையில், 1701ஆம் ஆண்டில், காடிலாக் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒரு கோட்டை அமைத்தார். அதுவே நகராயிற்று. ஆற்றின் எதிர்க்கரை கனடா நாடு. சென்ற நூற்றாண்டில் மோட்டார் நகரம் என்று உலகெங்கும் பெயர் பெற்ற அவ்வூரில், 1896ஆம் ஆண்டு பிறந்தபோது ஒரு மோட்டார் வண்டியேனும் ஓடவில்லை என்றால் வியப்பாக இருக்கும். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில்தான் சார்லசு கிங் என்பவர் தம் வண்டியை முதன்முதலாகத் தெருவில் ஓட்டினார். சூன் திங்களில் என்றி போர்டு தம் வண்டியை ஓட்டினார். அதற்குமுன் அந்நகரம் அடுப்புகளும், புகைவண்டிப் பெட்டிகளும், மருந்துகளும் செய்து வாழ்ந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருந்தனர். ஏரிகளில் நீராவிக் கப்பல்கள் வந்து சென்றன. ஆற்றின் நடுவே பெல் ஐல் என்னும் தீவு பூங்காவாக விளங்கியது. நல்ல விடுதிகளும் இருந்தன. ஆதலின் பல தொழிலாரும் சங்கத்தாரும் தங்கள் ஆண்டுக் கூட்டங்களை அங்கே நடத்தி வந்தனர். அவர்களை எவரும் அழைக்கவில்லை. வந்தபின் எவரும் வரவேற்கவும் இல்லை.

இந்நிலையை ஊன்றி நோக்கியவர் மில்டன் கார்மைக்கேல் என்னும் செய்தியாளர். 1896ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் 'டெட்ராயிட் ஜர்னல்' என்னும் இதழில் அவர் ஒரு கருத்தை எழுதினார். முயற்சி சிறிதும் இன்றியே மாநாடுகள் பல இங்கு நடைபெறுகின்றன. முயன்றால் அடுத்த ஆண்டில் இருநூறு, முந்நூறு மாநாடுகளைக் கொணர முடியாதா என்பது அவர் வினா. நாட்டின் எல்லா ஊர்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வருவர். அவர்கள் செலவிடும் பணம் நகரத்து வணிகர் அனைவருக்கும் சென்று சேரும் என்று அவர் எடுத்துக்காட்டினார்.

வினா எளியதே, விடைதான் அரியது. யார் முயல்வது? ஒரு விடுதிக்காரர் தம் செலவில் ஒருவரை ஊர் ஊராக அனுப்பி மாநாட்டை அழைத்து வந்தால், வந்தவருள் பாதிப்பேர் எதிர்த்தெரு விடுதியில் தங்குவர். உழுதவன் ஒருவன், அறுப்பவன் மற்றொருவன் என்றாகும். ஆகவே ஒவ்வொருவரும் மற்றவர் முயலட்டும் என்று வாளா இருந்தனர். இந்த முடிச்சை அவிழ்ப்பதற்குப் போட்டியாளர் அனைவரும் ஒரே மேசையில் அமர்வதன்றி வேறு வழி இல்லை. இரண்டு வாரம் கடப்பதற்குள், பிப்ரவரி 19ஆம் நாள், நகரத்து வணிகரும் தொழிலதிபரும் பழைய காடிலாக் விடுதியிற் கூடினர். மாநாடுகளுக்கும் வணிகர்க்குமான கழகம் ஒன்றை நிறுவினர். நகரத்துக்கு மாநாடுகளை அழைப்பதற்கென்றே அமைந்த அமைப்புகளுள் இதனையே உலகில் முதலாவதாகக் கருதுவர். கருத்தைச் சொன்ன கார்மைக்கேலே அதன் பணியையும் ஏற்றுக்கொண்டார். எழுதியவரே ஏர் பிடிக்கவும் நேர்வது எப்போதும் நிகழ்வதன்று.

இத்தகைய கழகத்தின் பணி யாது என்பதைச் சிறிது விரித்துக் காண்பது நன்று. அதற்குச் சொந்தமாக ஓர் அறையும் இல்லை. ஒரு கட்டிலும் இல்லை. ஒரு சமையற்கூடமும் இல்லை. அது விற்பது ஊர் முழுவதையும். மருத்துவர் சங்கம் ஒன்று மூன்றாண்டு கழித்துப் பேராளர் நாலாயிரவர் கூடும் மாநாட்டை நடத்த விரும்புகிறது என்று வைத்துக்கொள்க. எத்தனை அறைகள் எந்த நாளில் வேண்டும், பேரவைக்கு எத்துணைப் பெரிய மண்டபம் வேண்டும், தனித்தனிக் கூட்டங்களுக்கு எத்தனை சிறு மண்டபங்கள் வேண்டும், கருவிகளைக் காட்சிக்கு வைக்க எத்துணை இடம் வேண்டும் என்று சங்கம் கேட்கும். கழகம் அவ்வேண்டுகோளை விடுதிகள் அனைத்துக்கும் அனுப்பும். ஒரு விடுதி ஐந்நூறு அறை தரும். மற்றொன்று இருநூறு தரும். சிறியதொன்று நாற்பது தரும். அவ்வறைகளை அந்நாள் வரையில் வேறொருவர்க்கும் விடாமல், சொன்ன வாடகையை உயர்த்தாமல் வைத்திருக்க வேண்டும். ஒரு விடுதி வாக்குத் தவறினாலும் பழி ஊருக்கு வரும். மண்டபத்தார், உண்டிச்சாலையார், வண்டியோட்டிகள், காவல் துறையினர், அருங்காட்சியகத்தார் ஆகியோரை ஒரு நூலில் கோப்பது கழகத்தின் வேலை. பேராளர் வந்திறங்கும் நாளில் வழிகாட்ட ஆள் நிற்க வேண்டும். அவர்தம் மனைவி மக்கள் கண்டு களிக்க இடங்கள் வேண்டும். மாநாடு முடிந்தபின் ஒரு நாள் கூடுதலாகத் தங்கவும் மனம் வரவேண்டும். மாநாட்டுக்காக வந்தவர் மறுமுறை குடும்பத்தோடு சுற்றுலாவுக்கு வருவதும் உண்டு.

பேராளர் விடுக்கும் பணம் விடுதியோடு நிற்பதில்லை. விரிப்புகளை வெளுப்பவர், ரொட்டி சுடுபவர், பூ விற்பவர், பெயர்ச்சீட்டு அச்சிடுபவர், மேடை புனையும் தச்சர் என்று அது கைமாறிக்கொண்டே செல்லும். இவருட் பலர் மாநாட்டு மண்டபத்துள் ஒருபோதும் நுழைந்திரார்.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு எஞ்சி நின்றது. கழகத்துக்குச் சந்தா செலுத்தாத கடைக்காரரும் கூட்டம் வரும்போது பயன் பெறவே செய்வார். கொடுப்பவர் சிலர், பெறுவோர் பலர் எனின் கொடுப்போரும் நாளடைவில் கையை இழுத்துக்கொள்வர். இதற்குப் பல நகரங்கள் கண்ட வழி அறை வரி. விருந்தினர் செலுத்தும் வாடகையோடு ஒரு சிறு பங்கைச் சேர்த்துப் பெற்று, அதனை மாநாட்டு மண்டபத்துக்கும் விளம்பரத்துக்கும் செலவிடுவது அம்முறை. டெட்ராயிட் அமைந்துள்ள மிச்சிகன் மாநிலத்தில் 1985ஆம் ஆண்டில் இதற்கென ஒரு சட்டம் பிறந்தது. நகரம் அடங்கிய மாவட்டத்திலும் அண்டையிலுள்ள இரண்டு மாவட்டங்களிலும் எண்பது அறைகளுக்கு மேற்பட்ட விடுதிகளுக்கே அவ்வரி விதிக்கப்பட்டது. சிறு விடுதிகள் விலக்குப் பெற்றன. நகருக்குள் வரி கூடுதல், புறநகரில் குறைவு. மண்டபத்தின் அருகில் இருப்போர் மிகுந்த பயன் பெறுவர் ஆதலின் இது நேர்மையான ஏற்பாடே ஆகும்.

டெட்ராயிட்டின் முறையைப் பிற நகரங்களும் மேற்கொண்டன. கிளீவ்லாந்து 1904இல் தனக்கென ஓர் அமைப்பை நிறுவியது. 1914இல் இவ்வமைப்புகள் தமக்குள் ஒரு பொதுச் சங்கம் கண்டன. டெட்ராயிட்டிலோ மோட்டார்த் தொழில் ஓங்கியது. 1907இல் அங்கு மோட்டார் வண்டிக் கண்காட்சி தொடங்கிற்று. பழைய காடிலாக் விடுதி நின்ற இடத்தில் 1924இல் புக்-காடிலாக் என்னும் வானளாவிய விடுதி எழுந்தது. 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரத்து மக்கள் பதினெட்டு லட்சத்து நாற்பத்தொன்பதாயிரத்துக்கும் மிகுந்திருந்தனர்.

அத்துணை மக்களும் அவ்விருந்தோம்பலில் பங்கு பெற்றனரா? இல்லை. கறுப்பின மக்களுக்குப் பெரிய விடுதிகள் பலவற்றின் கதவு அடைத்தே இருந்தது. புகழ்பெற்ற பாடகராயினும் குத்துச்சண்டை வீரராயினும் அவர்கள் தம் இனத்தார் நடத்திய விடுதிகளையே நாடினர். அவற்றுள் தலைசிறந்தது கோதம் விடுதி. அது கறுப்பின வணிகரால் 1943 முதல் சீரும் சிறப்புமாக நடத்தப்பட்டது. நகரைப் புதுப்பித்தல் என்னும் பெயரால் 1950களிலும் 1960களிலும் அம்மக்களின் குடியிருப்புகளும் கடைத்தெருக்களும் அழிக்கப்பட்டன. நெடுஞ்சாலை ஒன்று அவற்றின்மேல் சென்றது. கோதம் விடுதியும் இடிக்கப்பட்டது. 1950களில் அப்பணிகளை முன்னின்று நடத்திய நகரத் தலைவர் ஆல்பர்ட் கோபோ. ஆற்றங்கரையில் 1960இல் திறக்கப்பட்ட மாபெரும் மாநாட்டு மண்டபத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. வெளியூராரை வரவேற்க மண்டபம் எழுந்த அதே காலத்தில் உள்ளூராருட் பலர் வீடிழந்தனர் என்பது கூட்டுமுயற்சியின் கணக்கில் எழுதப்படாத செலவு. 1963ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள், நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் உரிமை வேண்டி நகரத்துத் தெருவில் நடந்து அந்த மண்டபத்தை அடைந்தனர். அங்கே மார்ட்டின் லூதர் கிங் தம் கனவைப் பற்றிப் பேசினார். வாசிங்டன் நகரில் இரண்டு திங்கள் கழித்து அவர் ஆற்றி உலகப் புகழ் பெற்ற பேச்சின் முன்வடிவம் அது.

பின்னர் நகரம் தளர்ந்தது. தொழிற்சாலைகள் வெளியேறின, மக்களும் வெளியேறிப் புறநகர்களிற் குடிபுகுந்தனர். புக்-காடிலாக் விடுதி 1984இல் மூடப்பட்டு இருபத்து நான்கு ஆண்டுகள் இருண்டு கிடந்தது. 1989இல் மண்டபத்தின் காட்சியிடம் சுமார் ஏழு லட்சம் சதுர அடியாக விரிக்கப்பட்டதாயினும், அதனைப் பேணப் பணம் இல்லை. கூரை ஒழுகியது. மோட்டார்க் கண்காட்சியாரோ இடம் போதாது என்றும், வேறிடம் நாட நேரும் என்றும் கூறத் தலைப்பட்டனர். மோட்டார் நகரத்திலிருந்து மோட்டார்க் கண்காட்சி போய்விட்டால் எஞ்சுவது யாது?

அப்போது மாநில அரசும், நகரமும், மூன்று மாவட்டங்களும் கூடி மண்டபத்தை நடத்தலாம் என்று ஒரு திட்டம் வந்தது. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நகரமன்றம் அதனை மறுத்தது. நகரத்தை விட்டு நீங்கியவர்களிடமே நகரத்தின் சொத்தை ஒப்படைப்பதா என்று உறுப்பினர் சினந்தனர். புறநகராரோ, தம் பணம் இன்னோர் ஊரின் கூரைக்குச் செல்வதா என்றனர். இரு சாராரையும் குறை கூற இயலாது. ஐம்பதாண்டுப் பிணக்கு அப்பேச்சில் இருந்தது. மீண்டும் பேசினர்; திட்டத்தைத் திருத்தினர். முடிவில் சொத்துரிமை நகரத்துக்கே என்றும், மண்டபம் குத்தகையாக ஓர் ஆணையத்திடம் செல்லும் என்றும் இசைந்தனர். அவ்வாணையத்தில் உறுப்பினர் ஐவர்: ஆளுநர் அமர்த்துபவர் ஒருவர், நகரத் தலைவர் அமர்த்துபவர் ஒருவர், மாவட்டத்துக்கு ஒருவராக மூவர். அவர்தம் முடிவுகள் பெரும்பான்மையால் ஆவன அல்ல. ஐவரும் ஒருமித்தாலன்றி ஒரு முடிவும் நிறைவேறாது. இவ்விதி வேலையை முடக்கிவிடும் என்று அஞ்சத் தோன்றும். மாறாக, எவரையும் தோற்கடிக்க இயலாது என்று அறிந்தமையால் ஒவ்வொருவரும் மற்றவரை இணங்கச் செய்யவேண்டியவராயினர்.

2013ஆம் ஆண்டு சூலைத் திங்களில் டெட்ராயிட் நகராட்சி கடன் தீர்க்க வகையின்றி நீதிமன்றத்தை அடைந்தது. தனி ஆணையத்தின் கையில் இருந்தமையால் மண்டபத்தின் திருப்பணி நிற்கவில்லை. 27 கோடியே 90 லட்சம் டாலர் செலவில் 2015இல் நிறைவெய்தியது. கிங் பேசிய அரங்கம் ஆற்றை நோக்கிய பெருவிருந்துக் கூடமாக மாறிற்று. கோபோவின் பெயர் 2019இல் நீக்கப்பட்டது.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 25 முதல் மூன்று நாள், அமெரிக்கக் காற்பந்துக் குழுக்கள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பெருவிழா டெட்ராயிட்டின் நடுத்தெருவில் நடந்தது. அதனை அழைத்து வந்தவர், கார்மைக்கேல் தொடங்கிய கழகத்தின் வழிவந்த சுற்றுலா அமைப்பினரும் அவரைச் சார்ந்த விளையாட்டு ஆணையத்தாரும் ஆவர். ஏழு லட்சத்து எழுபத்தையாயிரம் பேருக்கு மேல் வந்தனர் என்று கணக்கிட்டனர். மூன்று நாளும் வந்த ஒருவர் அக்கணக்கில் மூவராக எண்ணப்பட்டிருக்கலாம். ஆகவே அவ்வெண்ணைச் சற்றுக் குறைத்தே கொள்ளவேண்டும். எனினும் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரத்து மக்கள்தொகை 6,39,111 மட்டுமே. ஆறு லட்சம் பேர் வாழும் ஊருக்கு அம்மூன்று நாளில் வந்தோருட் பலர் மூன்று மாவட்டங்களின் புறநகர் விடுதிகளிலும் தங்கினர்.