கேட்டது ஒன்று, காட்டுவது ஒன்று

பிரஷர் குக்கரின் காஸ்கெட், அதாவது மூடியில் மாட்டும் ரப்பர் வளையம், தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாதுங்காவிலோ கரோல்பாகிலோ ஒரு பாத்திரக் கடைக்குப் போனால், எந்தக் கம்பெனி, எத்தனை லிட்டர், மூடி உள்ளே போகிறதா வெளியே அமர்கிறதா என்று கடைக்காரர் மூன்று கேள்வி கேட்பார். ஆணியில் தொங்கும் கொத்திலிருந்து ஒன்றை உருவித் தருவார். இல்லையென்றால் இல்லை என்பார்.

அதையே செல்போனில் ஆன்லைன் கடையில் தேடிப் பாருங்கள். முதலில் வேறு கம்பெனி வளையம் வரலாம், அடுத்து ஒரு புதுக் குக்கர், அதன் கீழே வாணலி. நாம் கேட்டது எங்கோ கீழே இருக்கும்.

காரணம் இதுதான். ஆன்லைன் கடைகள் தேடும் சொற்களை ஏலம் விடுகின்றன. ‘குக்கர்’ என்று யார் தேடினாலும் என் சரக்கைக் காட்டு, அவர் அதைத் தொட்டால் இத்தனை ரூபாய் தருகிறேன் என்று விற்பவர் ஒப்புக்கொள்கிறார். நாம் வாங்காவிட்டாலும் தொட்டதற்குக் காசு உண்டு. போட்டிக் கம்பெனியின் பெயரைக்கூட ஏலம் கேட்கலாம். தொகையோடு பொருத்தத்தையும் கணினி பார்க்கத்தான் செய்கிறது. ஆனால் அது பார்ப்பது சொல் பொருத்தம். மில்லிமீட்டர் பொருத்தம் அல்ல.

சூப்பர் மார்க்கெட்டிலும் கண்மட்டத்து அலமாரிக்குக் கம்பெனிகள் பணம் கொடுப்பது பழைய வழக்கம்தான். ஆனால் அங்கே அலமாரி முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். செல்போன் திரையில் தெரிவதோ இரண்டு மூன்று பொருள்கள். 2024இல் அமேசானின் விளம்பர வருமானம் மட்டும் சுமார் 5,600 கோடி டாலர். பொருத்தமில்லாத விளம்பரங்களைத் தெரிந்தே தேடல் முடிவுகளில் நிரப்பியது என்பது, 2023 செப்டம்பரில் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் அந்நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. நிறுவனம் மறுக்கிறது.

வாணலி தவறி வந்தால் பெரிய நஷ்டமில்லை. வளையம் தவறினால் ஓரத்தில் நீராவி கசியும், விசில் வராது, தண்ணீர் வற்றி சேஃப்டி வால்வு உருகும். ஒரே கம்பெனியின் இரண்டு அளவுக் குக்கர்களுக்கு ஒரே வளையம் பொருந்துவதுண்டு. வேறு கம்பெனியின் அதே லிட்டர் வளையம் பொருந்தாமல் போவதும் உண்டு.

ரயில்வே ஸ்டோர்ஸில் உதிரி பாகத்தைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. எட்டு இலக்க பி.எல். எண்ணைத்தான் எழுதுவோம். அதே வழக்கத்தை இங்கும் கைக்கொள்ளலாம். குக்கரோடு வந்த கையேட்டில் மாடல் பெயரும் காஸ்கெட் எண்ணும் இருந்தால் அதைக் கொடுத்துத் தேடுங்கள். ‘ஸ்பான்சர்டு’ என்று பொடி எழுத்தில் போட்டவற்றைத் தாண்டிப் போங்கள். கையேடு தொலைந்திருந்தால் பழைய வளையத்தை அளக்காதீர்கள். அது சுருங்கியோ தளர்ந்தோ இருக்கும். மூடியையே தூக்கிக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போவது உத்தமம்.

விளம்பரம் என்றே சொல்லாமல் சரக்கைக் காட்டினால் அது வேறு விஷயம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள் விலக்கிய 13 தந்திரங்களில் மாறுவேட விளம்பரமும் ஒன்று. திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற எண்ணில் புகார் கொடுக்கலாம்.