தி ஹேட் யு கிவ் (2017): இளையோர் புதினமும் காவல்துறை வன்முறையும் – முக்கியக் குறிப்புகள்

நூல் அடையாளம்

- ஆசிரியர்: ஏஞ்சி தாமஸ். பிறப்பு: 1988, ஜாக்சன் நகரம், மிசிசிப்பி மாநிலம், அமெரிக்கா.
- வகை: இளையோர் புதினம். ஆசிரியரின் முதல் நூல்.
- வெளியீடு: 28 பிப்ரவரி 2017. பதிப்பகம்: பால்சர் அண்ட் பிரே, ஹார்ப்பர்காலின்ஸின் துணைப் பதிப்பகம்.
- கையெழுத்துப் படிக்காக ஏலத்தில் போட்டியிட்ட பதிப்பகங்கள்: 13.
- கதைசொல்லி: ஸ்டார் கார்ட்டர், 16 வயதுக் கறுப்பின மாணவி. தன்மைக் கூற்று.
- அமைப்பு: 5 பகுதிகள், 26 அத்தியாயங்கள்.
- தலைப்பின் மூலம்: ராப் பாடகர் டூபாக் ஷக்கூர் ‘தக் லைஃப்’ என்னும் தொடருக்குத் தந்த விரிவாக்கம். உட்பொருள்: குழந்தைகளுக்குச் சமூகம் ஊட்டும் வெறுப்பு பின்னர் அச்சமூகத்தையே தாக்கும்.

உருவான பின்னணி

- தொடக்க வடிவம்: பெல்ஹேவன் பல்கலைக்கழகத்தில் (ஜாக்சன்) மாணவியாக எழுதிய சிறுகதை.
- தூண்டுதல்: ஆஸ்கார் கிராண்ட் கொலை. நாள் 1 ஜனவரி 2009, இடம் ஃப்ரூட்வேல் ரயில் நிலையம், ஓக்லண்ட், கலிபோர்னியா, வயது 22. சுட்ட ரயில்வே காவலர் மீது 2010இல் கவனக்குறைவான மனிதக்கொலை மட்டுமே நிரூபணம். தண்டனை 2 ஆண்டுகள்.
- ஆசிரியர் வளர்ந்த பகுதி: குடிமை உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸின் வீட்டுக்கு அருகில். எவர்ஸ் வீட்டு வாசலில் சுட்டுக்கொல்லப்பட்ட நாள்: 12 ஜூன் 1963. வெடிச்சத்தத்தைக் கேட்டவர்களுள் ஆசிரியரின் தாயும் ஒருவர்.
- 6 வயதில் பூங்காவில் துப்பாக்கிச் சண்டையை நேரில் கண்டவர் ஏஞ்சி தாமஸ். மறுநாள் தாய் அழைத்துச் சென்ற இடம்: நூலகம்.
- பதின்பருவத்தில் ராப் பாடகி. இரண்டாவது நாவலின் நாயகியும் ராப் பாடகியே.

கதைக்களம்: இரண்டு உலகங்கள்

- கார்டன் ஹைட்ஸ்: கற்பனைக் குடியிருப்பு; கறுப்பின மக்கள் பெரும்பான்மை. ஸ்டாரின் வீடும் தந்தையின் மளிகைக் கடையும் இங்கே.
- வில்லியம்சன்: வெள்ளையர் பெரும்பான்மையான வசதி படைத்தோர் தனியார் பள்ளி.
- பள்ளியில் கொச்சைச் சொல் தவிர்ப்பு, கோபம் தவிர்ப்பு, குரல் உயர்த்தாமை. ஒருவர் இடத்துக்கேற்பத் தன் பேச்சுநடையை மாற்றிக்கொள்ளும் இந்த நிலைக்குப் பெயர்: கோட் ஸ்விட்சிங்.
- தொடர்புடைய கருத்தாக்கம்: இரட்டைத் தன்னுணர்வு. தன்னைப் பிறர் கண்ணாலேயே அளந்து பார்க்க நேரும் நிலை. நூல்: ‘தி சோல்ஸ் ஆஃப் பிளாக் ஃபோக்’ (1903), ஆசிரியர்: டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ்.

முக்கியப் பாத்திரங்கள்

- மேவரிக் கார்ட்டர்: தந்தை. ‘கிங் லார்ட்ஸ்’ கும்பலின் முன்னாள் உறுப்பினர்; சிறை சென்றவர்; மளிகைக் கடை உரிமையாளர். பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தது: பிளாக் பாந்தர் கட்சியின் 10 அம்சத் திட்டம் (கட்சி தொடக்கம் 1966, ஓக்லண்ட், நிறுவனர்கள் ஹியூ நியூட்டன், பாபி சீல்).
- லிசா: தாய், செவிலியர்.
- செவன், செகானி: முறையே அண்ணன், தம்பி.
- கார்லோஸ்: தாய்மாமன். பணி: காவல்துறை. குடும்பத்துக்குள்ளேயே காவலர் இருப்பதால், காவலர் எல்லாரும் ஒரே வார்ப்பு என்னும் எளிய முடிவுக்கு நாவலில் இடமில்லை. காவலருக்கு எதிரான நூல் என்னும் குற்றச்சாட்டுக்கு இப்பாத்திரமே நேர் மறுப்பு.
- கலீல் ஹாரிஸ்: பால்யத் தோழன், சுட்டுக் கொல்லப்படுபவன்.
- நடாஷா: மற்றொரு தோழி. ஸ்டாருக்கு 10 வயதிருக்கும்போது கும்பல் துப்பாக்கிச் சூட்டில் பலி.
- ‘ஒன்–ஃபிஃப்டீன்’: சுட்ட காவலர். 115 என்பது அவரது பேட்ஜ் எண். ஸ்டார் அவரைக் குறிப்பது பெரும்பாலும் இந்த எண்ணாலேயே.
- கிறிஸ்: வெள்ளையினக் காதலன்.
- ஹெய்லி: பள்ளித் தோழி. 1955இல் கொல்லப்பட்ட சிறுவன் எம்மெட் டில்லின் சிதைந்த முகப் படத்தை ஸ்டார் டம்ப்ளரில் பதிந்ததும் பின்தொடர்வதை நிறுத்தியவள். அன்றாட நட்புக்குள் ஒளிந்திருக்கும் இனவெறிக்கு எடுத்துக்காட்டு.
- ஏப்ரல் ஆஃப்ரா: வழக்கறிஞர், செயற்பாட்டாளர்.

மைய நிகழ்வு: வாகனச் சோதனை

- காலம்: வசந்தகால விடுமுறை இரவு. விருந்தில் துப்பாக்கிச் சத்தம். கலீலின் காரில் ஸ்டார் வெளியேறுதல்.
- நிறுத்தக் காரணம்: காரின் பின்விளக்கு பழுது.
- ஸ்டாருக்கு 12 வயதிலேயே பெற்றோர் கற்பித்த விதிகள்: கைகள் கண்ணில் படும்படி இருத்தல், திடீர் அசைவு கூடாது, கேட்டால் மட்டும் பதில். கறுப்பினக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் இந்தப் பாடத்துக்கு வழங்கும் பெயர்: ‘தி டாக்’.
- அந்த இரவில் ஸ்டாரின் கைகள் டாஷ்போர்டு மேல். கண்கள் பேட்ஜ் எண் மேல். கலீல் காருக்கு வெளியே. உடல் சோதனையில் ஆயுதம் எதுவும் இல்லை. அசையாதே என்று சொல்லிவிட்டுக் காவலர் தன் காருக்குத் திரும்பல். தோழி நலமா என்று கேட்கக் கலீல் கதவைத் திறந்த நொடியில் மூன்று குண்டுகள்.
- காவலர் தரப்பில் துப்பாக்கி எனக் கருதப்பட்டது: கதவருகே இருந்த தலைவாரும் பிரஷ்.
- அடிக்கடி நேரும் குழப்பம்: நாவலில் பிரஷ் காரின் கதவில், திரைப்படத்தில் கலீலின் கையில். நாவலின் வடிவமே கடுமையானது: கையில் எதுவுமே இல்லாதவன் மீது சூடு.

மௌனத்திலிருந்து குரல்: படிநிலைகள்

- நாவலின் முதன்மைப் பகுதி இதுவே. துப்பாக்கிச் சூடு முடிவது இரண்டாம் அத்தியாயத்தில். எஞ்சிய 24 அத்தியாயங்களும் ஒரே சாட்சி பேசத் துணியும் கதை. ‘கொலை பற்றிய நாவல்’ என்னும் விடை அரைகுறை. ‘சாட்சி பற்றிய நாவல்’ என்பதே சரி.
- படி 1: காவல் நிலைய விசாரணை. சுட்டவரைப் பற்றியதைவிடக் கலீலைப் பற்றிய கேள்விகளே மிகுதி.
- ஊடகச் சித்திரிப்பு: ‘போதைப்பொருள் விற்றவன்’. உண்மைக் காரணம்: கும்பல் தலைவன் கிங்கிடம் தாய் பட்ட கடனைத் தீர்த்தல். கொல்லப்பட்டவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் இம்முறையே நாவலின் உச்சக் கண்டனம்.
- படி 2: தொலைக்காட்சிப் பேட்டி.
- படி 3: கிராண்ட் ஜூரி முன் சாட்சியம். முடிவு: காவலர் மீது வழக்கில்லை.
- படி 4: தெருப் போராட்டம். காரின் மேல் ஏறி ஒலிபெருக்கியில் உரை. விழுந்த கண்ணீர்ப்புகைக் குண்டைத் திருப்பி எறிதல்.
- தந்தையின் கடைக்குத் தீ வைத்தவன்: கிங். அவனுக்கு எதிராக அக்கம்பக்கத்தார் வாய் திறத்தல். ஒருத்தியின் சாட்சியம் ஊராரின் சாட்சியமாக விரியும் இடம்.

சட்டப் பின்புலம்

- கிராண்ட் ஜூரி: வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் உண்டா என முடிவு செய்யும் குடிமக்கள் குழு. கூட்டாட்சி அளவில் 16 முதல் 23 உறுப்பினர். அமர்வு இரகசியம், ஆதாரம் வைப்பவர் அரசு வழக்கறிஞர்.
- பென்சில்வேனியா எதிர் மிம்ஸ் (1977): சட்டப்படி நிறுத்திய வாகனத்தின் ஓட்டுநரைக் கீழே இறங்கச் சொல்லக் காவலருக்கு அதிகாரம்.
- டென்னசி எதிர் கார்னர் (1985): தப்பியோடுபவரைக் கடும் ஆபத்து இல்லாத நிலையில் சுடுதல் அரசமைப்புக்கு முரண். வழக்கின் மூலம்: மெம்ஃபிஸில் 15 வயதுச் சிறுவன் கொலை, 1974.
- கிரஹாம் எதிர் கானர் (1989): பலப்பிரயோகத்துக்கு அளவுகோல், சம்பவ இடத்தில் இருந்த நியாயமான காவலரின் பார்வை. காவலரின் அச்சம் நீதிமன்றத்தில் இவ்வளவு எடை பெறுவதற்குக் காரணம் இத்தீர்ப்பு.
- ரென் எதிர் ஐக்கிய அமெரிக்கா (1996): சிறு போக்குவரத்து விதிமீறல் உண்மையாயின் வாகனத்தை நிறுத்தலாம், காவலரின் உள்நோக்கம் பொருட்டல்ல.

வரலாற்றுப் பெயர்கள்

- நாவலின் இறுதியில் உண்மையாகவே உயிரிழந்தோரின் முதற்பெயர்கள் வரிசை. கீழ்க்கண்டவை அவற்றுள் சில.
- எம்மெட் டில்: 14 வயது, சிகாகோ. கொலை 28 ஆகஸ்ட் 1955, மிசிசிப்பி. தாய் மேமி டில் சவப்பெட்டியைத் திறந்தே வைத்தார். படம் வெளியான இதழ் ‘ஜெட்’. முற்றிலும் வெள்ளையர் அடங்கிய ஜூரி, குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் சுமார் ஒரு மணி நேரத்தில் விடுவித்தது. எம்மெட் டில் பெயரிலான கும்பல்கொலைத் தடுப்புச் சட்டம்: 29 மார்ச் 2022. இடைவெளி 66 ஆண்டுகளுக்கு மேல்.
- டிரேவோன் மார்ட்டின்: 17 வயது, சான்ஃபோர்டு, ஃபுளோரிடா, 26 பிப்ரவரி 2012. சுட்டவர் காவலர் அல்லர். குடியிருப்புக் கண்காணிப்புத் தன்னார்வலர். 2013இல் அவரது விடுதலையை அடுத்துத் தோன்றிய இயக்கம்: பிளாக் லைவ்ஸ் மேட்டர் (அலிசியா கார்சா, பட்ரிஸ் கல்லர்ஸ், ஓபல் டோமெட்டி).
- மைக்கேல் பிரவுன்: 18 வயது, ஃபெர்குசன், 9 ஆகஸ்ட் 2014.
- டமிர் ரைஸ்: 12 வயது, கிளீவ்லாந்து, 22 நவம்பர் 2014. அவனிடம் இருந்தது பொம்மைத் துப்பாக்கி.

விருதுகளும் தடைகளும்

- நியூயார்க் டைம்ஸ் இளையோர் பட்டியலில் முதலிடத்தில் நுழைவு.
- பாஸ்டன் குளோப்–ஹார்ன் புக் விருது (2017), வில்லியம் சி. மோரிஸ் விருது (2018).
- பிரின்ட்ஸ், கொரெட்டா ஸ்காட் கிங்: இரண்டிலும் 2018இல் சிறப்புத் தகுதி மட்டும், முதன்மை விருது அல்ல.
- அமெரிக்க நூலகச் சங்கத்தின் அதிக எதிர்ப்புக்குள்ளான 10 நூல்கள் பட்டியலில் இடம்பெற்ற ஆண்டுகள்: 2017, 2018, 2020, 2021. காரணங்கள்: கெட்ட வார்த்தைகள், போதைப்பொருள், காவல்துறை எதிர்ப்பு.

திரைப்படம்

- ஆண்டு: 2018. இயக்கம்: ஜார்ஜ் டில்மன் ஜூனியர். ஸ்டாராக: அமாண்ட்லா ஸ்டென்பர்க்.
- திரைக்கதை: ஆட்ரி வெல்ஸ். மறைவு 4 அக்டோபர் 2018, திரையரங்க வெளியீட்டுக்கு முந்தைய நாள்.

ஆசிரியரின் பிற நாவல்கள்

- ஆன் தி கம் அப் (2019). நாயகி பிரி, 16 வயது.
- கான்கிரீட் ரோஸ் (2021). மேவரிக்கின் 17ஆம் வயதுக் கதை. வெளியீட்டில் பிந்தியது, கதைக்காலத்தில் முந்தியது.

ஒப்பிடத்தக்க நூல்கள்

- மான்ஸ்டர் (1999), வால்டர் டீன் மயர்ஸ்: முதல் பிரின்ட்ஸ் விருது (2000). திரைக்கதை வடிவம்.
- ஆல் அமெரிக்கன் பாய்ஸ் (2015), ஜேசன் ரெனால்ட்ஸ், பிரெண்டன் கீலி: அடிபட்ட கறுப்பினச் சிறுவனும் பார்த்த வெள்ளையினச் சிறுவனும் மாறி மாறிச் சொல்லும் கதை.
- டியர் மார்ட்டின் (2017), நிக் ஸ்டோன்: மார்ட்டின் லூதர் கிங்குக்கு மாணவன் எழுதும் கடிதங்கள்.
- கோஸ்ட் பாய்ஸ் (2018), ஜூவல் பார்க்கர் ரோட்ஸ்: கொல்லப்பட்ட 12 வயதுச் சிறுவனின் ஆவி எம்மெட் டில்லின் ஆவியைச் சந்தித்தல்.
- பஞ்சிங் தி ஏர் (2020), ஐபி ஸோபாய், யூசெஃப் சலாம்: கவிதை நடை நாவல். சலாம் செய்யாத குற்றத்துக்காக 1989இல் 15 வயதில் கைதானவர். தண்டனை ரத்து 2002. நியூயார்க் நகர மன்ற உறுப்பினராகத் தேர்வு 2023.