வானத்தில் ஓட்டை விழவில்லை

நம்பிக்கை: பால்வீதியில் தெரியும் கறுப்புத் திட்டுகள் விண்மீன்களே இல்லாத வெற்றிடங்கள்.

இப்படி நினைத்தவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. 18ஆம் நூற்றாண்டில் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷெலே அவற்றை ஓட்டைகள் என்றுதான் எடுத்துக்கொண்டார். பின்னர் வானியலாளர் எட்வர்ட் பர்னார்ட் 1919இல் 182 கறுப்புத் திட்டுகளைப் பட்டியலிட்டார். அதில் 68ஆவதான பர்னார்ட் 68, ஒபியூக்கஸ் விண்மீன் குழுவில் உள்ள ஒரு தூசு மேகம். அகலம் அரை ஒளியாண்டு. நமக்கும் அதற்கும் நடுவே ஒரு விண்மீன்கூடக் குறுக்கிடாததால் கறுப்பு அத்தனை அப்பட்டமாகத் தெரிகிறது.

நம்பிக்கை: இத்தகைய மேகத்தின் அகச்சிவப்புப் படத்தில் தெரிவது தூசின் வெப்பம்.

தூசுக்கு ஏது அவ்வளவு வெப்பம்? பர்னார்ட் 68இன் உட்புறம் மைனஸ் 250 டிகிரி செல்சியஸுக்கும் கீழே. 2 மைக்ரான் அலைநீளத்தில் அதிலிருந்து ஒளி எதுவும் வராது. படத்தில் இருப்பது மேகத்துக்குப் பின்னாலுள்ள விண்மீன்களின் ஒளி. தூசு நீல ஒளியை அதிகம் தடுக்கும், சிவப்பை அதைவிடக் குறைவாக, அகச்சிவப்பை இன்னும் குறைவாக. மேகத்தின் மையத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒளி லட்சம் கோடியில் ஒரு பங்குகூட மிஞ்சுவதில்லை. 2.2 மைக்ரானில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு தப்பி வந்துவிடுகிறது!

வந்த ஒளி நிறம் மாறித்தான் வருகிறது; தூசு எங்கே எவ்வளவு என்று காட்டும் வரைபடமே அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. ழுவாவ் அல்வெஸ், சார்ல்ஸ் லாடா, எலிசபெத் லாடா என்ற வானியலாளர்கள் மூவரும் சிலியின் லா சியா ஆய்வகத்திலிருந்து இந்த மேகத்தின் வழியே சுமார் 3,700 விண்மீன்களை அளந்தார்கள். பக்கத்தில் மேகமில்லாத வானத்துண்டில் விண்மீன்களின் நிறம் என்ன, மேகத்துக்குப் பின்னால் உள்ளவை அதைவிட எவ்வளவு சிவந்திருக்கின்றன என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டார்கள். சிவப்பு கூடிய இடத்தில் தூசு கூடுதல். 2001இல் வெளியான முடிவின்படி மேகத்தின் நிறை சூரியனைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. அதன் மையத்தில்கூட ஒரு கன சென்டிமீட்டரில் சில லட்சம் மூலக்கூறுகள்தான். நாம் மூச்சுவிடும் காற்றோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

நம்பிக்கை: இதற்கெல்லாம் விண்வெளித் தொலைநோக்கி வேண்டும்.

வேண்டாம். 1.25, 1.65, 2.2 மைக்ரான் அருகே காற்றுமண்டலம் வழிவிடுகிறது. 1997 முதல் 2001 வரை டூமாஸ் (2MASS) என்ற அகச்சிவப்பு வானக் கணக்கெடுப்பு அரிசோனாவிலும் சிலியிலும் இருந்த 1.3 மீட்டர் தொலைநோக்கிகளை வைத்தே முழு வானத்தையும் அளந்து முடித்தது.

நம்பிக்கை: அகச்சிவப்பு எதையும் ஊடுருவும்.

1990களில் ஐஎஸ்ஓ, எம்எஸ்எக்ஸ் செயற்கைக்கோள்கள் இன்னும் நீண்ட அகச்சிவப்பு அலைகளில் பார்த்தபோதும் சில மேகங்கள் கறுப்பாகவே நின்றன. அவற்றின் அடர்ந்த நடுப்பகுதியில் அளக்கப் பின்னணி விண்மீனே அகப்படாது. அங்கே மட்டும் தூசு தானே உமிழும் ஒளியைத் தேடித் தொலை அகச்சிவப்புக்கும் அதற்கு அப்பாலும் போக வேண்டியிருக்கிறது.